சட்டிக்குக் காவல்

வீட்டில் எதையாவது புளிக்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் திடீரென்று கிளம்புகிற மனிதர் எல்லா ஊரிலும் இருக்கிறார். இங்கிலாந்தில் 1963இலிருந்து அவருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அவருக்கு வழிவிட்டது. ஆகவே அங்கெல்லாம் அவர் வாளியும் குழாயுமாக பியர் காய்ச்சுகிறார். அதே மனிதர் இலங்கையின் குறிஞ்சாக்கேணியில் பிறந்தால் மார்க்கம் அவரை விடாது. மார்க்கத்தை மறந்தாலும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் மறக்காது. ஆனாலும் ஆள் அடங்குவாரா? கிண்ணியாப் பக்கத்து எருமைப்பால் இருக்கிறதே! பியர்க்காரரின் ஆசையும் ஆயத்தமும் பதற்றமும் ஒரு சொட்டுக் குறையாமல் இங்கே தயிர்ச் சட்டிக்குள் இறங்குகின்றன. அவருடைய முதல் சட்டி கெட்டுப்போகும். வேலை தெரியாதவர், அதனால் கெட்டது என்று ஊர் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கு வேலை எல்லாம் தெரியும், சும்மா இருக்கத்தான் தெரியாது.

ஆயத்தத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டாரிலிருந்து லீவில் வந்தவர் என்றால் பெட்டிக்குள்ளேயே டிஜிட்டல் வெப்பமானி இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் ஒரு கொப்பி, இரண்டு நிறப் பேனை. பட்டிக்காரரிடம் பாலைச் சொல்லிவைக்கிறார். புதுச் சட்டி வாங்கி ஊறப்போடுகிறார். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் உறை கேட்கப் போய், அந்த உறை எத்தனை நாள் பழையது என்று விசாரித்து, அவரைத் திகைக்க வைத்துவிட்டு வருகிறார். பால் காய்ந்து, 42 பாகைக்கு ஆறி, உறை கலந்தாயிற்று. உண்மையில் இந்த இடத்தில் அவருடைய வேலை முடிந்துவிட்டது. எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம், பசுப்பாலைப் போல் இரட்டிப்புக்குக் கிட்ட; கட்டியாக உறைவதற்கு அதுவே போதும். போதாததற்கு மண்சட்டியும் நீரை உறிஞ்சி இன்னும் இறுக்கும். மிச்சமுள்ளது உறையில் இருக்கிற நுண்ணுயிர்களின் வேலை. அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மூடியைத் திறக்கிறார். பிறகு சட்டியைக் கொஞ்சம் சரித்து, பால் ஆடுகிறதா என்று பார்க்கிறார். பிறகு கரண்டி. அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வரும்: “அதக் கொஞ்சம் சும்மா கிடக்க விடுங்க மனே!” அவர் விடமாட்டார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை என்று மனைவி முணுமுணுப்பது வேறு கதை.

அவர் தொட்டதால் என்ன கெட்டது என்று கேட்கலாம். பாலிலுள்ள இனிப்பை நுண்ணுயிர்கள் புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. அமில அளவு பிஎச் 4.6ஐ நெருங்கும்போது பாலின் புரதம் ஒன்றோடொன்று கோத்து, நீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. கோத்துக்கொண்டிருக்கும்போது சரித்தால், கிண்டினால், கட்டு அறுந்து நீர் வெளியே வந்துவிடும். காலையில் சட்டியில் பச்சை ஓடிய தண்ணீர் மிதப்பதைப் பார்த்து அவர் தீர்ப்பு எழுதுகிறார்: உறை போதவில்லை. அடுத்த முறை இரட்டிப்பாக ஊற்றுவார். தயிர் பல் கூசப் புளிக்கும். பியர்க்காரரும் இதே வம்சம்தான். நொதித்துக்கொண்டிருக்கிற வாளியை அடிக்கடி திறந்து காற்றையும் வேண்டாத கிருமியையும் உள்ளே விடுவார். நொதிப்பு முடியுமுன் போத்தலில் அடைத்து, போத்தல் வெடிக்கும்போது போத்தல் கம்பனியைத் திட்டுவார்.

“அளந்து பார்ப்பது தவறா? கைக்கணக்கு மட்டும் போதுமா?” என்று அவருக்காக வாதாட ஆள் வரும். அளப்பது தவறே இல்லை. உம்மா பாலில் சுண்டுவிரல் வைப்பதும் அளவுதான், 40க்கும் 45க்கும் இடையில் அந்த விரல் பிசகுவதில்லை. ஆனால் உறை ஊற்றுமுன் ஒரு தடவை வைத்த விரலை உம்மா மறுபடி வைப்பதில்லை. குற்றம் வெப்பமானியின் மேல் இல்லை, அதை மணிக்கொரு தரம் முக்கியெடுக்கும் கையின் மேல். மார்கழிக் குளிரில் கைதேர்ந்தவர்களின் சட்டியும் உறையச் சுணங்குகிறதே என்பது இன்னொரு வாதம். சுணங்கும்தான். அவர்கள் அதைச் சாக்கால் போர்த்து அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். விழித்திருந்து பார்ப்பதால் சட்டி சூடேறாது.

வலுவான வாதம் ஒன்று உண்டு: துருவிப் பார்ப்பவர்கள் இல்லாவிட்டால் விஞ்ஞானம் ஏது? 1856இல் பிரான்சின் லீல் நகரத்தில், பீட்கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடிக்கும் ஒரு தொழிற்சாலையில் சில தொட்டிகள் கெட்டுப் புளித்தன. துருவிப் பார்த்த லூயி பாஸ்டர் அங்கே கண்டது, நம்முடைய தயிரை உறையவைக்கும் புளிப்புக் கிருமியின் கூட்டத்தைத்தான். சாராயத் தொட்டிக்குச் சனியன், தயிர்ச் சட்டிக்கு விருந்தாளி! அந்த பிஎச் அளவையே 1909இல் விஞ்ஞானி சோரன்சன் வகுத்தது கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில். தொட்டவர்களால்தான் இவ்வளவும் தெரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாஸ்டர் ஒரு சொட்டை எடுத்துவந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். தொட்டிக்குள் கரண்டியை விட்டுக் கிண்டவில்லை. நம்மவருக்கு ஒரு சொட்டு காணாது. தவிர, பாஸ்டர் பார்த்தது ஏற்கெனவே கெட்டுப்போன தொட்டியை. நம்மவர் நல்ல சட்டியைக் கெடுத்துவிட்டுப் பார்க்கிறார்.

ஏதோ ஒருநாள் அவசர வேலையாகத் திருகோணமலைக்குப் போக நேர்ந்து, இரவு அங்கேயே தங்க வேண்டியும் வந்தால், வீட்டில் தயிர் தானாக உறைந்திருக்கும். கத்தியால் வெட்டலாம் போன்ற தயிர். அது பஸ் செய்த வேலை என்று அவருக்கு ஒருபோதும் தோன்றாது. 42 பாகைக்கும் புது உறைக்கும் கிடைத்த வெற்றி என்றே கொப்பியில் ஏறும். அன்றிலிருந்து அவர் ஆலோசகர். நாலு தலைமுறையாக எருமை மேய்க்கும் பட்டிக்காரரை வாசலில் நிறுத்தி, பிஎச் 4.6 பற்றி விளக்குவார். பட்டிக்காரர் தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தபடி முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நாளைக்கி எத்தின சட்டி தாற?” என்பார்.

“ரெண்டு.”