ஓஃபன்பாக்கிலிருந்து ஒரு சோபாக் கடிதம்

ஓஃபன்பாக், ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

புது வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. வந்தது சாவி மட்டும்தான். இந்த நாட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் காலி பண்ணும்போது சமையலறையையே கழற்றிக்கொண்டு போவது சகஜம். அடுப்பு இல்லை, அலமாரி இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. சுவரில் குழாய் முனை, கூரையில் தொங்கும் ஒயர். "காலி பண்ணிட்டுப் போனாங்களா, கொள்ளையடிச்சிட்டுப் போனாங்களா?" என்றாள் உங்கள் மருமகள்.

அடுப்படியை ஒருவழியாகத் தேற்றிவிட்டோம். இனி சோபா.

நான் வந்து விழுந்த ஊரைப் பாருங்கள். பிராங்க்பர்ட்டை ஒட்டி, மைன் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஓஃபன்பாக். ஒரு காலத்தில் கைப்பையும் பர்ஸுமாகத் தைத்துத் தள்ளிய தோல் ஊர். பட்டறைகள் பெரும்பாலும் போய்விட்டன; 1917-இல் தொடங்கிய தோல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆம்பூர் வந்ததும் தோல் வாடைக்காக பஸ் ஜன்னலைச் சாத்தி மூக்கைப் பொத்துகிறார்களே, இங்கே அதே சமாச்சாரத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

சோபாக் கடைக்குப் போனோம். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு மெத்தையின் ஜிப்பைத் திறந்து உட்புறம் பார்த்தேன். மேலே பளபள தோல், அடியில் துணி! விற்பனையாளர் ஓடி வந்தார். அது தோல் நார் கலந்தது, மலிவு, துடைப்பது சுலபம் என்றார். ஷேவிங் மெஷின் உதிர்க்கும் தூளைப் பசை போட்டுத் தகடாக்கினால் அது என்ன ஆகும் என்று தோல் தொழிலிலேயே இருந்த உங்களுக்கா தெரியாது? சில வருஷத்தில் வெயில் பட்ட முதுகு மாதிரி உரியும்.

அடுத்தது அசல் தோல்தான். ஆனால் ஒரு கீறல், ஒரு மடிப்பு கிடையாது. மயிர்த்துளைகள் எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே வரிசை. ஒரு சாண் தள்ளி அதே கோலம் மறுபடியும். மேல்தோலைத் தேய்த்து, பூச்சு அடித்து, தகடு வைத்து அழுத்தியது. ஐரோப்பியத் தரவிதிப்படி பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறும் 'தோல்' என்று சொல்லக்கூடாது. விதி நல்ல விதிதான், அளக்கிற கருவியோடு சோபா வாங்க யார் போகிறார்கள்?

கடையின் கோடியில்தான் எனக்கு மயக்கமே வந்தது. அங்கிருந்த சோபாவில் முள்வேலிக் கீறல், உண்ணி கடித்த புள்ளி, கழுத்துச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. கீழே அட்டை: இவை இயற்கையின் அடையாளங்கள், அசல் தோலுக்குச் சாட்சி. விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு! தரம் பிரிக்கிற மேஜையில் நின்று உண்ணிக்கடித் தோலையெல்லாம் கடைசி அடுக்கில் ஆயுள் பூராவும் வீசினீர்களே சித்தப்பா. அட்டை எழுத ஒரு ஆள் வைத்திருந்தால் முதலாளி இன்னொரு டேனரி கட்டியிருப்பார்.

பக்கத்தில் இலைப் படம் போட்ட இன்னொன்று. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாம், ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த புதுமை போலச் சொன்னார் விற்பனையாளர். நம் பக்கம் இதற்கு ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அப்படிப் பதனிட்ட ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோலுக்கு 2008-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது என்றேன். ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். குரோம் பதனிடல் வந்த பிறகு கழிவுநீரால் பாலாறு பட்ட பாட்டையும், அதற்காக 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னதையும் சொல்லத் தொடங்கினேன். உங்கள் மருமகள் என் காலை மிதித்தாள்.

தோலோடு நான் விடவில்லை. அந்தத் தழும்பு சோபாவின் முன்காலில் ஒன்றைப் பிடித்து அரையடி தூக்கினேன். அடுத்த முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி. இதன் சட்டம் கட்டை, தூள்பலகை இல்லை. நுரை ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன். 35 என்றார். கனம் குறைந்த நுரை சீக்கிரம் குழி விழும். முதுகுப்பக்கம் சுவரைத்தானே பார்க்கும் என்று அங்கே ரெக்சின் போடுகிற தந்திரமும் உண்டு. ஆகவே சோபாவுக்குப் பின்னால் தரையில் படுத்தும் பார்த்தேன். அப்போது மட்டும் மருமகள் வேறு யாரோ மாதிரி விளக்குப் பிரிவுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் தழும்பு சோபாவுக்கே பணம் கட்டினோம். நல்ல தோல், பார்த்தால் நீங்களும் முதல் அடுக்கில்தான் வைப்பீர்கள், உண்ணியை மன்னித்து. வர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை பாய்தான். விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறோம், நீங்களும் கேட்காதீர்கள்.

ஒரு அவசர சந்தேகம். நாங்கள் வாங்கியது பூச்சில்லாத அனிலின் தோல். கடையில் கொடுத்த மாதிரித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், உடனே குடித்துக் கறுத்துவிட்டது. சோபா வருகிற வாரமே இங்கிருக்கும் வாணியம்பாடி, குடியாத்தம் ஆட்கள் பிரியாணிக்கு வருகிறார்கள். எண்ணெய்க் கத்திரிக்காய் சிந்தினால் சாக்பீஸ் தூள் போட்டு உறிஞ்சவிடுவதா, இல்லை முன்கூட்டியே மெழுகு ஏதாவது தடவி வைப்பதா? சீக்கிரம் எழுதுங்கள். பிரியாணியைத் தள்ளிப்போடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சீரகச் சம்பா வாங்கியாயிற்று.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்