வண்டில இருக்கேன், சொல்லு!

காலை எட்டரைக்கு வானகரம்–அம்பத்தூர் சாலையில் இவரைப் பார்க்காமல் தப்ப முடியாது. அயனம்பாக்கத்தில் வீடு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செருகிய செல்போன். அது நழுவிவிடக் கூடாதே என்று ஒருக்களித்த தலை.

போன் வந்ததும் முதல் வசனம், "வண்டில இருக்கேன், சொல்லு." மற்றவர்கள் இதோடு வைத்துவிடுவார்கள். இவருக்கு இதுதான் பிள்ளையார் சுழி.

ரெண்டு கையும் ஃப்ரீ என்பது இவர் பெருமை. அந்தக் கை சும்மா இருக்குமா? "ஏரி தாண்டி லெஃப்ட்ல வா மச்சான்" என்னும்போது இடக்கை தானாக நீளும். இவர்தான் திரும்பப்போகிறார் என்று நம்பி, பின்னால் வரும் ஆட்டோக்காரர் வலப்பக்கம் ஏறுவார். அதற்குள் மச்சான் வழி தவறியிருப்பார். "டேய், ரைட்டுடா, ரைட்டு!" ஹேண்டில்பாரும் கூடவே ரைட்டுக்கு வரும். ஆட்டோக்காரர் சொல்வதை அச்சிட முடியாது. கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், "கேக்கல, இங்க ஒரே சத்தம், உரக்கப் பேசு" என்பார்.

வீட்டில் புளூடூத் வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சு இன்னும் நீண்டது. 1997இல் டொரன்டோவில் 699 ஓட்டுநர்களை வைத்துச் செய்த ஆய்வு, போன் பேசும்போது விபத்து ஆபத்து நான்கு மடங்கு என்றது. கையில் பிடிக்காத போனும் அதில் தேறவில்லை.

நல்ல மனிதர்தான். யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அதனால்தான் போனும் ஓய்வதில்லை. ஆனால் 2021இல் மட்டும் வண்டி ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியதால் நாட்டில் 1,997 விபத்துகள், 1,040 சாவுகள் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகம். இவர் தனியாகவா விழுவார்? பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர் என்ன பாவம் செய்தார்?

2024 மே மாதம், போன் பேசியபடி கார் ஓட்டியதாக யூடியூபர் டி.டி.எஃப். வாசனை மதுரை போலீசார் கைது செய்தார்கள். "இவனுங்களையெல்லாம் உள்ள தள்ளணும்" என்று இவர் நண்பரிடம் கொதித்தார். வண்டியில் போய்க்கொண்டே, போனில்.

தமிழ்நாட்டில் அபராதம் முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000. அது இவருக்கு மனப்பாடம். தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும், "போலீஸ், வைக்கிறேன்." அவ்வளவு சுருக்கமாகவும் இவரால் பேச முடிகிறது.