நிரந்தர நுகர்வோர்

சென்னையில் எந்தப் பேட்டையை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஒரு சர்வே அக்கா இருப்பார். மேற்கு மாம்பலத்தில் ஒருவர், பெரம்பூரில் ஒருவர், குரோம்பேட்டையில் குறைந்தது இரண்டு பேர். ஷாம்பு, சலவைத்தூள், சமையல் எண்ணெய், கொசுவத்தி, சேமிப்புக் கணக்கு என்று எதைப் பற்றி எந்த நிறுவனம் மக்கள் கருத்தைக் கேட்கப் புறப்பட்டாலும், கடைசியில் வந்து சேரும் இடம் இந்த அக்காவின் கூடம்தான். எங்கள் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறார் ஒருவர். தமிழ்நாட்டுக் குடும்பத்தலைவி என்ன நினைக்கிறாள் என்று மும்பையில் யாராவது திரையில் படம் போட்டுக் காட்டினால், அந்த நினைப்பில் கணிசமான பங்கு இவர் உபயம்.

அக்காவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஆனால் அது அவ்வளவு உறுதியான வயது அல்ல. ஆள் சேர்த்துக் கொடுக்கும் ரெக்ரூட்டர் அம்மா ஃபோனில், "அக்கா, 35-லேர்ந்து 44 வரைக்கும் ஒண்ணு குறையுது" என்றால் அன்றைக்கு அக்காவுக்கு 44. "45-க்கு மேல இருந்தா சொல்லுங்க" என்றால், "இருக்கேனே" என்பார்.

பேட்டி எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி வரும். உங்கள் வீட்டில் யாராவது விளம்பரக் கம்பெனியிலோ பத்திரிகையிலோ மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியிலோ வேலை பார்க்கிறார்களா? ஆமாம் என்றால் அத்தோடு சரி, நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சாதாரண ஜனங்களைப் போலப் பேசமாட்டார்கள் என்பதற்காக வைத்த வடிகட்டி அது. அடுத்த கேள்வி: கடந்த 6 மாதத்தில் இப்படி ஏதாவது சர்வேயில் கலந்துகொண்டீர்களா? இதற்கு அக்கா சொல்லும் "இல்லையே" பார்க்க வேண்டிய ஒன்று. கொஞ்சம் யோசிப்பார். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்ப்பார். "வோட்டர் லிஸ்டுக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. அது கணக்குல வருமா?" என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்பார். அவருக்குப் பின்னால் ஷோகேஸில், முந்தைய சர்வேக்களில் பரிசாக வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் பெரிதும் சிறிதுமாக அணிவகுத்து நிற்கும்.

அடுத்து வீட்டின் தகுதியை நிர்ணயிக்கும் படலம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் வருமான வரிக்காரர் காதில் விழுகிற அளவுக்குத்தான் சொல்வார்கள். ஆகவே மார்க்கெட் ரிசர்ச் உலகம் 2011-இல் வேறொரு வழி கண்டுபிடித்தது. குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவர் என்ன படித்திருக்கிறார், 11 பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன, இவ்வளவுதான் கேள்வி. மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூ வீலர், கலர் டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, கடைசியாக விவசாய நிலம். இரண்டையும் ஒரு கட்டத்தில் பொருத்தினால் ஏ1 தொடங்கி இ3 வரை உள்ள 12 படிகளில் ஏதோ ஒன்றில் வீடு போய் உட்கார்ந்துகொள்ளும். வருமானத்தில் பொய் சொல்பவன்கூட ஃப்ரிட்ஜ் விஷயத்தில் உண்மை பேசுவான் என்று நம்பினார்கள். அக்காவைத் தெரியாதவர்கள்.

"நிலம் இருக்குப்பா, வந்தவாசிப் பக்கம். ஆனா பங்காளி கேஸ் போட்டிருக்கான். இருக்குன்னு போடலாமா?"

பேட்டி எடுக்க வந்த பையன் டேப்லெட்டைப் பார்த்து விழித்தான். அதில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். கோர்ட்டில் நிலுவை என்று மூன்றாவது கட்டம் எந்த வினாத்தாளிலும் கிடையாது.

"சரி, உனக்கு எது வேணும்? ஏ-வா, பி-யா?"

"பி2 ஒண்ணு வேணும்க்கா. ஏ எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"அப்ப நிலத்தை விட்டுடு. கார் எங்க மச்சினரோடது, அதையும் எடு. ஏசி ரிப்பேர்தான். எங்க வீட்டுக்காரர் படிப்பு? பி.காம்.னா சரியா வருமா, பிளஸ் டூவே போதுமா?"

பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. ஒரே வாரத்தில் எம்.காம். ஆகவும் எஸ்.எஸ்.எல்.சி. ஆகவும் இருந்து பழகியவர் அவர். இப்போது புதிதாக வந்திருக்கும் வகைப்பாட்டில் பொருள்களின் கணக்கு கிடையாது. சம்பாதிப்பவரின் வேலையையும், கூடவே வீட்டில் அதிகம் படித்த பெண்ணின் படிப்பையும் பார்க்கிறார்கள். எம்.பி.ஏ. படித்த மருமகள் வந்ததிலிருந்து அக்கா அந்த முறையைத்தான் சிறந்தது என்கிறார். ஒரு மாமியார் வாயால் மருமகளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

கதவைத் திறக்கிறவரையே பேட்டி எடுத்துக்கொண்டிருந்தால் நாடு முழுக்க இல்லத்தரசிகளும் பென்ஷன்காரர்களும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். இதைத் தடுக்க லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-இல் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். வீட்டில் உள்ள பெரியவர்களை வரிசையாக எழுதி, அட்டவணை யாரைக் கைகாட்டுகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். இன்று அந்த வேலையை டேப்லெட்டே செய்துவிடுகிறது. ஒருநாள் அது அக்காவின் மாமனாரைக் கைகாட்டியது.

"மாமாவுக்குக் காது கேக்காதுப்பா. நீ என்கிட்ட கேளு, நான் அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"ஐயா ஃபேஸ் வாஷ் யூஸ் பண்ணுவாரா?"

அக்கா உள்ளறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வாரத்துக்கு மூணு தடவைங்கிறார்."

எண்பதைத் தாண்டிய ஆண்களிடம் ஃபேஸ் வாஷுக்கு நல்ல எதிர்காலம் இருப்பதாக யாரோ ஓர் அதிகாரி நம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

அந்தப் பையன்களையும் சொல்லிக் குற்றமில்லை. ஒரு தெருமுனையைக் கொடுத்து, வலதுகைப் பக்கமாகவே போ, ஒரு வீடு முடித்தால் இத்தனை வீடு தள்ளி அடுத்தது என்று விதி சொல்லி அனுப்புகிறார்கள். விதிக்கு வாட்ச்மேனைத் தெரியாது. 'விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைத் தெரியாது. சங்கிலி போட்ட கதவுக்கு நடுவில் பாதி முகம் மட்டும் தெரியும். "ஒண்ணும் வேணாம்." "விக்க வரலைங்க, கருத்துதான்..." "அது எங்ககிட்ட இல்ல." ஃபோன் நம்பர் கேட்டால் ஓ.டி.பி. திருடன் என்கிறார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். ஆனால் பையனுக்குப் பெரும்பாலும் முடித்த பேட்டிக்குத்தான் காசு; வெயிலுக்குத் தனியாகக் கிடையாது. மாலை நாலு மணிக்கு, காலி கட்டங்களோடு நிற்கிறவன் கண்ணுக்கு அக்கா வீட்டுத் திறந்த கதவு எப்படித் தெரியும்? உள்ளே போனால் முதலில் மோர் வரும். பிறகு, "எத்தனை நிமிஷம்? நாப்பதா? சரி, குக்கர் வெச்சிட்டு வரேன்."

பேட்டியில் அக்காவின் தேர்ச்சியைப் பார்த்தால் பல்கலைக்கழகமே டாக்டர் பட்டம் தரலாம். (தகுதியில்லாமல் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.) சலவைத்தூள் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் எது என்று கேட்பார்கள். பதிலை எடுத்துக் கொடுக்கக்கூடாது, "வேற? வேற?" என்று மட்டும் கேட்கலாம். அக்கா பெயர்களை மடமடவென்று கொட்டமாட்டார். அப்படிக் கொட்டினால் சந்தேகம் வரும். கண்ணை மூடி, துணி துவைக்கிற பாவனையில் கையை அசைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். கடையை விட்டு மறைந்து வெகுகாலமான பிராண்டுகூட அவர் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிறகு பெயர்கள் அச்சடித்த ஷோ கார்டு வரும். மேலே உள்ள பெயருக்குச் சலுகை கிடைத்துவிடக்கூடாது என்று ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றிக் காட்டுவது வழக்கம். ஒரு புதுப் பெண்ணிடம் அக்கா சொன்னதை நானே கேட்டேன்: "பாப்பா, போன தடவையும் இதுதாம்மா மேல இருந்துச்சு. மாத்தி வெச்சுக் கேளு, சூப்பர்வைசர் திட்டுவாரு."

முற்றிலும் உடன்படவில்லை என்பதில் தொடங்கி முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் முடியும் 5 படி அளவுகோல் ஒன்று உண்டு. ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் அமைத்துக் கொடுத்தது. அக்கா எதற்கும் 4 தான் போடுவார். காரணம் கேட்டேன். "5 போட்டா கம்பெனிக்காரங்களுக்கு வேண்டியவள்னு நினைப்பாங்க. 3 போட்டா, ஏன் எதுவும் சொல்லலைன்னு நோண்டுவாங்க. 1, 2 போட்டா, பாவம், கேக்க வந்த பொண்ணு மூஞ்சி வாடிடும்." மனித மனத்தை அளக்க அமைத்த கோலில் பாதிக்கு மேல் தாட்சண்யம்தான் பதிவாகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பெயரில்லாத வெள்ளைப் பொட்டலங்கள் இரண்டைக் கொடுத்து, வாரத்துக்கு ஒன்றாகப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வதும் உண்டு. ஒன்று வேலைக்கார அம்மாவுக்குப் போகும், ஒன்று மகள் வீட்டுக்கு. இரண்டுக்கும் 4.

அக்காவின் உண்மையான அரங்கம் குரூப் டிஸ்கஷன். தி.நகர்ப் பக்கம் ஏசி போட்ட ஓர் அறை, ஏழெட்டுப் பெண்கள், நடுவில் பிஸ்கட் தட்டு, பேச வைக்க ஒரு மாடரேட்டர். சுவரில் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் கம்பெனி அதிகாரிகள் சமோசா தின்றபடி இவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா உட்கார்ந்ததும் முதலில் கண்ணாடியைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொள்வார். அங்கே கேட்கப்படும் கேள்விகள் வீட்டுக்கு வரும் கேள்விகளைப் போல் இராது. "இந்த டீத்தூள் ஒரு மனுஷரா இருந்தா, அவர் எப்படி இருப்பார்?"

அறை திகைத்தது. அக்கா திகைக்கவில்லை.

"ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். வெள்ளை வேட்டி, முழுக்கை சட்டை. அதிகம் பேசமாட்டார். பேசினார்னா சுருக்குன்னு இருக்கும். பழைய ஸ்டூடண்ட்ஸ்தான் இப்பவும் தேடி வராங்க. புதுசா யாரும் வர்றதில்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமோசா அந்தரத்தில் நின்றிருக்கும். இளைஞர்களைக் கவரும் புது விளம்பரம் ஒன்று இந்த நாலு வரியிலிருந்து புறப்படுவது நிச்சயம்.

அன்றைக்கு வியாசர்பாடியிலிருந்து முதல்முறையாக வந்திருந்த ஒரு பெண் மெல்லக் கேட்டாளாம்: "டீத்தூள் எப்படிங்க ஆளாகும்? கலர் வரணும், வெல கட்டுப்படியாகணும். அவ்ளோதானே?" யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவளை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவும் இல்லை. "அவளுக்கு இன்னும் பேச வரலை" என்றார் அக்கா, வாத்தியார் தோரணையில்.

எல்லாம் முடிந்த பிறகு பேட்டி நிஜமாக நடந்ததா என்று சரிபார்க்க ஆபீஸிலிருந்து வேறொருவர் ஃபோன் செய்வார். "எங்க ஆள் வந்தாரா? எவ்வளவு நேரம் பேசினார்? கார்டு காட்டினாரா?" இதில் அக்கா வீட்டுக்கு வந்துபோன பையன் ஒருவன்கூட மாட்டியதில்லை. இந்தியாவில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தொடங்கக் காரணமாக இருந்த மகலனோபிஸ், பொய்க் கணக்கைப் பிடிக்க நல்ல உபாயம் வைத்திருந்தார். ஒரே மக்கள்தொகையிலிருந்து தனித்தனி மாதிரிகளை எடுத்து, தனித்தனி ஆட்களை அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரிய வித்தியாசம் இருந்தால் எங்கோ கோளாறு. மேதைதான். ஆனால் இரண்டு குழுவும் சுற்றிச் சுற்றி நம் அக்கா வீட்டுக்கே வந்து மோர் குடித்தால் கணக்கு அச்சாக ஒத்துப்போகும்.

கேட்டதும் ஓடிவந்து பதில் சொல்பவர்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது அமெரிக்காவில் 1936-லேயே தெரிந்துவிட்டது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஜனாதிபதி தேர்தலுக்காகச் சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பெயர் எடுத்த பட்டியலே டெலிஃபோனும் காரும் வைத்திருந்தவர்களுடையது. அதிலும் அக்கறையாக அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு ரகம், அனுப்பாதவர்கள் வேறு ரகம். 1938-இல் பத்திரிகையையே மூடிவிட்டார்கள். அக்கா மாதிரி 20 லட்சம் பேர் அந்த ஊரிலும் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு அக்காவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. டப்பாவுக்காகச் செய்கிறார் என்று எதிர் ஃப்ளாட்டில் பேசிக்கொள்கிறார்கள். டப்பா யாருக்கு வேண்டும், பாதியை அவரே தானம் செய்துவிடுகிறார். அந்த வீட்டில் எல்லாரையும் என்ன வேண்டும் என்று கேட்கிறவர் அவர் ஒருவர்தான். அவரை உட்கார வைத்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நாற்பது நிமிஷம் கேட்டு, சொன்னதை ஒரு வரி விடாமல் குறித்துக்கொள்பவர்கள் சர்வேக்காரர்கள் மட்டும்தான்.

போன வாரம் துணி சோப்பைப் பற்றி ஒரு நீண்ட பேட்டி முடிந்தது. ஆறு பிராண்டுகளைப் பிரித்து மேய்ந்திருந்தார் அக்கா. பையன் படியிறங்கியதும் அவரும் பையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு வந்தார். நான் அங்கே நின்றிருந்தேன்.

"அண்ணாச்சி, துணி சோப்பு ஒண்ணு."

"எதுக்கா வேணும்?"

"எது இருக்கோ குடுங்க."

ஆகவே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள். டேப்லெட்டும் கையுமாக ஒரு பையனோ பெண்ணோ உங்கள் வாசலில் நின்றால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், ஓ.டி.பி.யை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள், மற்றபடி உட்கார வைத்து மனதில் பட்டதைச் சொல்லி அனுப்புங்கள். நேரமில்லை என்று கதவைச் சாத்தினீர்களானால் உங்கள் பதிலையும் சேர்த்து இரண்டாவது மாடி அக்கா சொல்லிவிடுவார். அடுத்த வருஷம் உங்கள் டீயின் கலர் மாறினால் எங்களிடம் வந்து கேட்காதீர்கள்.