அலுவலக நிர்வாகி தேவை

தாம்பரம் பக்கம் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், கேம்ப் ரோடு வட்டாரத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் அலுவலக நிர்வாகி வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றதும், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தியை நெட்டுருப் போடுகிறார்கள் நம்மவர்கள். பலவீனம் என்ன என்று கேட்டால், 'அளவுக்கு மீறி உழைப்பேன்' என்று சொல்ல வேண்டுமாம்.

வேலையோ வேறு ரகம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளையின் இனிஷியல் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும், போகாது. பழைய பள்ளி அந்தத் தளத்தில் பிள்ளையை விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். பழைய பள்ளியிலோ போனை எடுக்க மாட்டார்கள். வேளச்சேரி ரோடு நெரிசலில் வேன் நிற்கும்போது, 'என் பையன் எங்கே?' என்று நாற்பது அம்மாக்கள் ஒரே நேரத்தில் அழைப்பார்கள்.

மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. நிர்வாகியோ தீர்ப்பையும் மதிக்க வேண்டும், பாக்கியையும் வசூலிக்க வேண்டும், பெற்றோரிடம் சிரிக்கவும் வேண்டும். இதற்கு எந்தப் பயிற்சி மையத்திலும் பாடமில்லை.

ஆகவே, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் பள்ளித் தாளாளரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இதற்கு முன் இருந்தவர் ஏன் சார் போனார்?"