பெரார்கஞ்ச் கம்பி இணையத்தில் ஐந்திணை: ஓர் அகத்துறை ஆய்வு

பாயிரம்

தெற்கு அந்தமானில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருப்பது பெரார்கஞ்ச். 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாயிட் பெராரின் பெயர் கொண்ட ஊர். அவர் இங்குள்ள வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து இனம் பிரித்தவர். பறந்து திரிபவற்றையே வகைப்படுத்தியவரின் ஊரில், மேசைக்கு அடியில் அசையாமல் கிடக்கும் லேன் கேபிளின் கோளாறுகள் மட்டும் 'நெட்டு வரல' என்ற ஒற்றைத் தலைப்பில் குவிந்து கிடப்பது ஆய்வுலகத்துக்கு இழுக்கு. அதைத் துடைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லை: மேசைக் கணினியின் பின்புறத் துளை தொடங்கி மோடத்தின் முன்புற விளக்கு வரை. கேட்போர்: ஜெராக்ஸ் கடைக்காரர், விண்ணப்பம் நிரப்ப வந்து வரிசையில் நிற்பவர், கப்பல் டிக்கெட்டுக்குக் காத்திருப்பவர். பயன்: கஸ்டமர் கேருக்குப் போன் போடும் முன் ஒருமுறை குனிந்து பார்க்கும் பழக்கம்.

நிறுவப் புகும் விதி ஒன்றே: இணையம் அறுந்தால் நம் சந்தேகம் தொலைவுக்கு நேர்விகிதத்திலும், உண்மைக் குற்றம் தொலைவுக்கு எதிர்விகிதத்திலும் அமையும்.

கடற்கொள்கையும் அதன் மறுப்பும்

இவ்வூரில் செல்வாக்குள்ள பழைய கொள்கை ஒன்று உண்டு. அதன் மூலபாடம் வாய்மொழியாகவே வழங்குகிறது: "கடலுக்குள்ள கேபிள் அறுந்துருச்சாம்ணே." யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க" என்பது உரை.

கொள்கைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து சுவராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகிய இடங்களுக்கும் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிள் கிடக்கிறது. சுமார் 1,224 கோடி ரூபாய்த் திட்டம். 2020 ஆகஸ்ட் 10இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் இத்தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க, ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகிவிடும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் சென்னைக்குப் போய்வர அதில் ஒரு சிறு பங்கு நேரம் போதும். ஆக, அக்காலத்தில் வானத்தைப் பார்த்துத் திட்டினோம், இக்காலத்தில் கடலைப் பார்த்துத் திட்டுகிறோம். குனிந்து பார்க்கும் காலம் மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

கடற்கொள்கையை மறுக்க ஒரே கேள்வி போதும்: பக்கத்து மருந்துக் கடையில் நெட்டு வருகிறதா? அதே நிறுவனத்தின் இணைப்பில் அவருக்கு வருகிறது, நமக்கு வரவில்லை என்றால் கடல் குற்றமற்றது. வங்காள விரிகுடா ஒருவருடைய கணினியை மட்டும் குறிவைத்துக் கேபிளை அறுப்பதில்லை.

முதலும் கருவும்

பொழுது இரு வகை. பெரும்பொழுது, மே மாதம் தொடங்கி இரண்டு பருவமழையும் அடுத்தடுத்து இறங்கி ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டும் நீண்ட மழைக்காலம். ஈரமும் உப்புக் காற்றும் செம்பைப் பச்சையாக்கும். செருகியின் பற்களில் பூசிய பொன் மெல்லியது, தேய்ந்தால் அடியில் உள்ள உலோகம் களிம்பேறும். சிறுபொழுது, ஊர் முழுதும் படம் பார்க்க உட்காரும் முன்னிரவு. மின்சாரமோ பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் பிறப்பது. அது போய் வரும்போதெல்லாம் மோடமும் செத்துப் பிழைக்கும்.

கருப்பொருள்: தெய்வம், மோடத்தில் உள்ள பவர், பான், லாஸ், லேன் என்னும் விளக்குகள். விலங்கு, எலி. ஊர்வன, பல்லி. தொழில், பெருக்கும்போது துடைப்பத்தால் கேபிளை இழுத்தலும், நாற்காலிச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றுதலும். பறை, செருகி உள்ளே போய் உட்காரும்போது எழும் 'டக்'. பல்லி சொல்லுக்குப் பலன் கூறும் நூல்கள் தமிழில் உண்டு. சூட்டுக்கு ஆசைப்பட்டு மோடத்துக்குள் புகும் பல்லிக்குப் பலன் கூறும் நூல் இல்லை. வருங்கால ஆய்வாளர் கவனிக்க.

உரிப்பொருள்

கணினியைத் தலைவி என்றும் மோடத்தைத் தலைவன் என்றும் கொள்க.

பாலை: பிரிவு. பாலைக்குத் தனி நிலம் இல்லை, பிற நிலங்கள் திரிந்தே அது பிறக்கும் என்பது மரபு. இவ்வளவு மழை பெய்யும் பெரார்கஞ்சிலும் மேசைக்கு அடியில் ஒரு சாண் பாலை தோன்றுவது அதனால்தான். அடையாளம்: கணினியின் பின்புறத் துளையில் விளக்கு எரியாது, திரையில் சிவப்புப் பெருக்கல் குறி தோன்றும். காரணம் பெரும்பாலும் செருகியின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருப்பது. நாக்கில்லாத செருகி உள்ளே இருப்பதுபோல் தோன்றும், இராது. மருந்து: இரு முனையையும் பிடுங்கி 'டக்' கேட்கும்வரை செருகுக, மோடத்தில் வேறு துளைக்கு மாற்றுக, பின் வேறு கேபிள் போடுக. பாதிப் பிரிவும் உண்டு. உள்ளே இருக்கும் எட்டு இழைகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கும் பிழைத்திருந்தால் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் வண்டி ஓடும். 1000 ஓட எட்டும் வேண்டும். 'நெட்டு வருது, ஆனா ஸ்லோ' என்பவர் இவ்வகையினராகவும் இருக்கலாம்.

முல்லை: காத்திருத்தல். விளக்கு எரிகிறது, கேபிள் நலம். ஆனால் தலைவி முகவரி கேட்கிறாள், மோடம் தரவில்லை. காத்திருந்து சலித்த கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால் மோடம் மறுமொழி சொல்லவில்லை என்று துணிக. மருந்து: மோடத்தை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போட்டு, விளக்குகள் நிலைபெற்ற பின் கணினியை ரீஸ்டார்ட் செய்க. அரை நிமிடம் பொறுத்தலே இத்திணையின் ஒழுக்கம். சுவிட்சைப் படபடவென்று தட்டுவோர் முல்லைக்கு உரியர் அல்லர்.

மருதம்: ஊடல். கடையில் புதிதாக ஒரு சிசிடிவி பெட்டியோ பிரிண்டரோ வந்து சேர்கிறது. அதை மாட்ட வந்தவர் 192.168.1.5 என்று கையால் ஒரு முகவரி எழுதிவிட்டுப் போகிறார். கணினிக்கு மோடம் கொடுத்திருப்பதும் அதே 192.168.1.5. ஒரே முகவரியை இருவர் சொன்னால் மோடம் சிறிது நேரம் இவளுக்கும் சிறிது நேரம் அவளுக்கும் பதில் அனுப்பும். நெட்டு வந்து வந்து போவது இதனால். பழைய பாடல்களில் பரத்தையின் பொருட்டு எழுந்த ஊடலைத் தீர்க்கப் பாணனை அனுப்பினார்கள். இங்கே இரண்டு கருவியிலும் முகவரியை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினால் ஊடல் தீரும். பாணனுக்குச் சர்வீஸ் சார்ஜ் மிச்சம்.

நெய்தல்: இரங்கல். இதுவே கடற்கொள்கையர் முதலில் ஓடிப் போய் நிற்கும் திணை. முறையாக இரங்க விரும்புவோர் முதலில் தூது விட வேண்டும். தூதின் பெயர் பிங். மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983இல் எழுதிய நிரல். முதல் தூது 127.0.0.1க்கு: இது கணினி தன் நெஞ்சோடு கிளத்தல். இரண்டாவது மோடத்துக்கு, பல வீடுகளில் 192.168.1.1. மூன்றாவது வெளியுலகில் 8.8.8.8க்கு. நான்காவது ஏதேனும் ஒரு தளத்தின் பெயருக்கு. இரண்டாவது திரும்பாவிட்டால் குற்றம் அறைக்குள். மூன்றாவது திரும்பி நான்காவது மட்டும் திரும்பாவிட்டால் பாதை நலம், பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ் மட்டுமே உறங்குகிறது. இரண்டாவது திரும்பி, மூன்றாவது திரும்பாமல், மோடத்தில் லாஸ் விளக்கும் சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது வாய்விட்டு இரங்கலாம். அங்கும் கடலுக்கு முன் ஐயுற வேண்டியவை: மோடத்துக்குப் பின்னால் மடங்கிப்போன மஞ்சள் வயர், மழையில் கம்பத்தின் மேல் விழுந்த கிளை, சாலை வேலை நடந்தால் ஜேசிபி. இவ்வரிசையில் கடல் கடைசி.

குறிஞ்சி: கூடல். விளக்கு எரியும், துடிக்கும். நான்கு தூதும் திரும்பும். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று வகுத்ததன் நுட்பம் இங்கே விளங்கும்: ஊர் உறங்கியபின் ஒரே இணைப்பைப் பகிர்வோர் குறைவதால் வேகம் கூடுகிறது. பகலில் ஏறாத விண்ணப்பப் படம் நள்ளிரவில் ஏறும். அந்நேரம் ஜெராக்ஸ் கடை பூட்டியிருக்கும் என்பது இத்திணைக்கே உரிய துயரம்.

புறனடை

ஐந்திணைக்கு வெளியே இரண்டு உள. ஒன்று கைக்கிளை, அதாவது வைஃபை. வீட்டின் கடைசி அறையில் செல்போனுக்கு மோடம் தெளிவாகக் கேட்கிறது, திரையில் கோடுகளும் தெரிகின்றன. செல்போனின் மெல்லிய குரல்தான் மோடத்துக்கு எட்டுவதில்லை. ஒருதலைக் காதலாகிய இதைக் கம்பி இணைய ஆய்வு தீண்டாது.

மற்றொன்று பெருந்திணை. பழைய தொலைபேசி வயரின் சிறிய செருகியை எடுத்து லேன் துளையில் மாட்டுவது. துளை அகலம், செருகி ஒடுக்கம். தடையின்றி உள்ளே போகும், சில சமயம் 'டக்' என்றும் சொல்லும். ஆனாலும் விளக்கு எரியாது, ஓரப் பற்கள் வளைவதுதான் மிச்சம். பொருந்தாக் காமத்துக்கு ரீஸ்டார்ட் உதவாது, தூதும் உதவாது. பிடுங்கிவிடுக.