பனிமலை நாயும் பங்குனி வெயிலும்

பேரின நாய் என்பது, முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 45 கிலோவைத் தாண்டும் இனங்களைக் குறிக்கும் பொதுப்பெயராகும். அவற்றுள் ஒன்றான செயின்ட் பெர்னார்டு, சுவிட்சர்லாந்தில் 2,469 மீட்டர் உயரத்துக் கணவாயிலுள்ள துறவிமடத்தில், பனியில் புதையுண்ட பயணிகளைத் தேடி மீட்டுப் புகழ்பெற்றது. வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டையில் பனிச்சரிவு நிகழ்ந்ததாகப் பதிவு ஏதும் இல்லையெனினும், அங்கும் அதனைக் குடும்பத் துணையாக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது, நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை என்பதும், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அது உடற்சூட்டைத் தணிக்கும் முதன்மை வழி என்பதுமாகும். ஆகவே ஈரடுக்கு ரோமம், அதாவது கம்பளிக்குள் இன்னொரு கம்பளி போன்ற மயிர்ப்போர்வை, உடைய இவ்விலங்கு பங்குனி பிறந்ததும் குளியலறைத் தரையைத் தன் பட்டா நிலமாக்கிக்கொள்ள, குடும்பத்தலைவர் தோளில் துண்டுடன் வாசலிலேயே காத்திருக்க நேரும்.

இயல்பில் சாதுவான இந்நாய் திருடனைக் கண்டு குரைக்குமா என்பது ஐயத்திற்குரியது. வாயொழுகும் எச்சில் புதுச் சுண்ணாம்புச் சுவரில் படியும் என்பது உறுதி. இதற்கு மாறாக, குட்டை ரோமத்துடன் இவ்வெயிலுக்கே பழகிய இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. ஆயினும், வாங்க வருவோர் அதன் ஊர்ப்பெயரைக் கேட்டதும் அடுத்த கூண்டை நோக்கி நகர்வதிலிருந்து, உள்ளூர் மாடு விலைபோகாது என்னும் பழமொழி நாய்க்கும் செல்லுபடியாகும் எனக் கொள்ளலாம்.