கீப்பர் அண்ணன்

நெய்க்காரப்பட்டிப் பக்கம் தரிசாகக் கிடக்கும் எந்தக் காட்டில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் நடந்தாலும் ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு கீப்பர் அண்ணன் நிற்பார். வருகிற பந்தில் பாதி அவர் காலுக்கு நடுவே பவுண்டரிக்குப் போகும். பேட்டிங்கில் பதினோராவது ஆள். ஆனாலும் டீமில் அவர் இடத்துக்கு ஆபத்தே கிடையாது, காரணம் வாய். "மாப்ளே, டைட்டா நில்லு!", "வரும், பாத்துக்க!", "சூப்பர்டா மாப்ளே!" வைடு போட்டாலும் சூப்பர்தான், சிக்ஸர் போனாலும் சூப்பர்தான். வெல்ல ஏலத்தில் விலை கூறுகிறவர்கூட நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். அண்ணனுக்கு அது தேவைப்படுவதில்லை.

அவரைக் கேலி செய்கிறவர்கள் சொல்வதில் பாதிதான் சரி. அண்ணன் அதிகம் பேசுகிறார் என்பது குறையே அல்ல. யாரிடமும் பேசவில்லை என்பதுதான் குறை. ஏலக்காரர் சிப்பத்தைத் தொட்டு, ஆளைப் பார்த்து, விலையைச் சொல்வார். "விலை, விலை" என்று பொதுவாகக் கத்தினால் ஒரு சிப்பம்கூட நகராது. அண்ணனின் "பாத்து!" அப்படிப்பட்டது. அதைக் கேட்ட பத்துப் பேரும் பத்துத் திசையில் பார்க்கிறார்கள். கடைசியில் உயரப் போன கேட்ச், பார்த்துக்கொண்டே நிற்கும் இருவருக்கு நடுவில் பொத்தென்று விழுகிறது. அதற்கும் அண்ணனிடம் ஒரு "பரவால்லடா" இருக்கிறது.

நடுவில் விழுந்ததோடு போனால் அது அதிர்ஷ்டம். 1999 செப்டம்பரில் கண்டி டெஸ்டில் ஜெயவர்தனே அடித்து உயரப் போன பந்துக்கு ஸ்டீவ் வாவும் கில்லெஸ்பியும் எதிரெதிரே ஓடி மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால் முறிந்தது, கேட்சும் போயிற்று. கண் பந்தின் மேல் இருக்கும்போது பக்கத்து ஆளைக் காட்டிக்கொடுக்கக் காது ஒன்றுதான் மிச்சம். அதே ஆண்டு ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன் உலகக் கோப்பை அரையிறுதி. இரண்டு அணியும் 213, கைவசம் மூன்று பந்து. க்ளூஸ்னர் அடித்துவிட்டு ஓடிவர, டொனால்ட் பந்தையே பார்த்து நின்றார். பிறகு மட்டையையும் கீழே போட்டுவிட்டு ஓடினார். ரன் அவுட். ஒரு தெளிவான "வா", இல்லாவிட்டால் ஒரு "இரு" போய்ச் சேர்ந்திருந்தால் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு இறுதிப்போட்டி கிடைத்திருக்கலாம்.

'கபடியில் பிடிக்கிறவர்கள் எங்கே பேசுகிறார்கள்? பாடி வருகிறவனைச் சத்தமில்லாமல் அமுக்கிவிடுகிறார்களே' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் கார்னரும் பக்கத்து ஆளும் கைகோத்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். விரலை ஒரு அழுத்து அழுத்தினால் சேதி போய்விடும். லாங் ஆனும் மிட்விக்கெட்டும் கைகோத்து நிற்க முடியாது. அங்கே குரல்தான் கை. 'சத்தமாகச் சொன்னால் எதிராளிக்கும் தெரிந்துவிடுமே' என்பது அடுத்த பயம். 2018இல் கொழும்பில் நடந்த நிதாஹாஸ் கோப்பையில் தினேஷ் கார்த்திக் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து வாஷிங்டன் சுந்தருக்குத் தமிழிலேயே யோசனை சொன்னார். ஸ்டம்ப் மைக் புண்ணியத்தில் நாமும் கேட்டோம். எதிராளிக்குப் புரியாத மொழி என்ற அந்த வசதி நெய்க்காரப்பட்டியில் இல்லை, எதிர் டீமும் தமிழ்தான், அதில் பாதிப் பேர் பங்காளிகள் வேறு. தெரிந்தால்தான் என்ன? பந்து யாருடையது என்பது எதிராளிக்குத் தெரிவதால் கேட்ச் ஒன்றும் நழுவிவிடாது. ரகசியம் பந்துவீச்சுக்கு வேண்டும், அதை ஓவருக்கு நடுவில் காதோடு சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் புதுப் பையன்கள் மிரண்டுபோவார்கள் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பவுண்டரியில் நிற்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன், தப்பு நடந்த பிறகு தன் பேர் கூப்பிடப்பட்டால் வசவு என்றுதான் எடுத்துக்கொள்வான். பந்து மேலே இருக்கும்போதே கூப்பிட்டால் அது அழைப்பு. வித்தியாசம் இரண்டு நொடிதான். அண்ணனிடம் இல்லாதது அந்த இரண்டு நொடி.

ஆகவே கேப்டன்மார்களே, அண்ணனைத் தூக்கிவிட்டு ஊமை கீப்பர் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். வரும் ஞாயிறு டாஸ் போடப் போகுமுன் பத்துப் பேரின் பெயரையும் அவருக்கு ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். எல்லோரையும் 'மாப்ளே' என்று கூப்பிடுவதால் அவருக்கு இதுவரை பெயர் தேவைப்படவில்லை.